முடிவு தெரிந்த கதையைப் பன்னிரண்டு வாரம் படிப்பதில் என்ன இருக்கிறது?

செப்டம்பர் 6

ஈடிபஸ் தந்தையைக் கொன்று தாயை மணந்தான் என்பதும், டிராய் நகரம் மரக்குதிரையால் வீழ்ந்தது என்பதும், ஒடிசியஸ் கடைசியில் வீடு திரும்பிவிடுவான் என்பதும் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்தவை. முடிவு முன்பே தெரிந்த இந்தக் கிரேக்கக் கதைகளுக்காகப் பன்னிரண்டு வாரம், வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டரை மணிக்கு ஒருவன் எதற்காக வகுப்பில் உட்கார வேண்டும்? இந்த இணையக் குழுவில் இலக்கியம் படித்தவர்கள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

நான் கனடாவில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பட்டம் வாங்குவதற்குள் இலக்கியம், வரலாறு, தத்துவம் போன்ற துறைகளிலிருந்து இரண்டு பாடங்களாவது எடுத்தாக வேண்டும் என்பது விதி. நான் விரும்பியவை திரைப்பட வரலாறும் பொருளாதார வரலாறும். பதிவுப் பக்கம் எனக்குத் திறப்பதற்குள் இரண்டும் நிரம்பிவிட்டன. மிஞ்சியது 'பண்டைய கிரேக்க இலக்கியம், மொழிபெயர்ப்பில்' என்ற பாடம். அதில் மட்டும் ஏன் இடம் மிஞ்சியது என்பதற்கு அந்த எட்டரை மணியே விளக்கம்.

செப்டம்பர் 10

முதல் வகுப்பு முடிந்தது. பதினேழு பேர். பேராசிரியர் வயதானவர், உள்ளே வந்தார், பையை வைத்தார், வருகைப் பதிவு எடுக்கவில்லை, பெயர் சொல்லவில்லை, மேசை விளிம்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே கிரேக்கத்தில் பாடத் தொடங்கிவிட்டார். தாம் தக, தாம் தக, தாம் தாம். ஏழு அடிகள் பாடி நிறுத்திவிட்டு, "என்ன கேட்டது?" என்றார். ஒருவர் குதிரை ஓடுவது போலிருந்தது என்றார். இன்னொருவர் இசை என்றார். கடைசி வரிசையில் ஒளிந்துகொள்ளலாம் என்று போயிருந்த நான், வேறு சொல் தோன்றாததால், நெடிலும் குறிலும் கேட்டன என்று சொல்லித் தொலைத்தேன். அந்த இரண்டு சொற்களுக்கும் விளக்கம் கேட்டுக் கரும்பலகைக்கு அழைத்துவிட்டார்.

அவர் பாடியது ஹோமரின் டிராய்ப் போர்க் காவியமான இலியட். அது முழுவதும், 15,600 அடிகளுக்கு மேல், ஒரே யாப்பில் அமைந்தது. அடிக்கு ஆறு சீர். ஒரு சீருக்கு ஒரு நீண்ட அசையும் இரண்டு குறுகிய அசைகளும். அந்த இரண்டு குறுகியவற்றுக்குப் பதிலாக ஒரு நீண்ட அசையும் வரலாம். ஆங்கிலக் கவிதை அழுத்தத்தை எண்ணுவது. இது ஒலியின் நீளத்தை எண்ணுவது. அதனால் என் வகுப்புத் தோழர்கள் திணறினார்கள், நான் திணறவில்லை. முதலாவது நம் கூவிளம், இரண்டாவது நம் தேமா, மொத்தத்தில் இது ஓர் அறுசீர் விருத்தம் என்று பலகையில் எழுதிவிட்டு வந்தேன். பள்ளியில் அலகிட்டு வாய்பாடு எழுதியதற்கு இப்படி ஒரு நாள் பயன் கிடைக்கும் என்று நினைத்ததில்லை.

இன்னொன்றும் பிடித்தது. நூலின் முதல் சொல் 'மேனின்', அதாவது 'சினத்தை'. 'மேனிஸ்' என்பது சினம். கடைசியில் வரும் அந்த னகர ஒற்று நம் இரண்டாம் வேற்றுமை உருபின் வேலையைச் செய்கிறது. 'மேனின் அஎய்தெ தெஆ': சினத்தைப் பாடு, தேவியே. ஆங்கிலத்தில் 'பாடு' என்பதை முன்னால் போடாமல் இதைச் சொல்வது கடினம் என்று ஒரு கால் மணி நேரம் விவாதித்தார்கள். தமிழில் ஒரு சொல்லைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவும் சொன்னதால் என் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். யாப்பு நன்றாகத்தான் இருக்கிறது. கதை தெரிந்ததுதான்.

செப்டம்பர் 11

நேற்று எழுதியதில் ஒரு பெரும் பிழை இருப்பதை இங்குள்ள தமிழாசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார். அவர் சொல்வதே சரி.

தேமா சரி, 'தே', 'மா' இரண்டும் நெடில். கூவிளத்தில்தான் சறுக்கிவிட்டேன். கிரேக்கக் கணக்கில் குறிலை அடுத்து இரண்டு மெய் வந்தால் அந்த அசை நீண்டதாகிவிடும். எனவே 'கூவிளம்' என்ற சொல்லுக்குப் பின்னால் மெய்யில் தொடங்கும் சொல் வந்தால் 'ளம்' நீண்ட அசையாகி, நெடில்-குறில்-நெடில் என்ற ஓசைதான் கிடைக்கும். அது இந்த யாப்புக்குள் நுழையவே முடியாது. அது மட்டுமல்ல. நமக்கு 'பல', 'பலா' இரண்டுமே நிரையசை. கிரேக்கக் காதுக்கு அவை வெவ்வேறு. நமக்குத் தனிக்குறிலும் நேரசையாகலாம். அவர்களுக்கு, அடியின் கடைசி இடத்தைத் தவிர, அது நீண்ட அசைக்கு ஈடாகாது. ஒலி நீளத்தைக் கவனிக்கும் பழக்கம் இரண்டு யாப்புக்கும் பொது, கணக்கிடும் முறை வேறு என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். முதல் அடியை நானே பிரித்துப் பார்த்தேன்: மே-னி-ன, எய்-தெ-தெ, ஆ-பே என்று போகிறது. 'மேனின்' என்பதன் கடைசி ஒற்று அடுத்த சொல்லின் உயிரோடு சேர்ந்துகொண்டதால்தான் 'னி' குறுகியே நின்றது. உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது அங்கும் இயல்பே போலும்.

வகுப்பில் யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. நானாகச் சொல்வதா, விட்டுவிடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 12

சொல்லிவிட்டேன். "அப்படியானால் நேற்று முன்தினத்தைவிட இன்று உனக்கு இரண்டு யாப்பும் கூடுதலாகத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 17

இரண்டாம் காண்டத்தில் கப்பல் பட்டியல். எந்த ஊரிலிருந்து எந்தத் தலைவன் எத்தனை கப்பலோடு வந்தான் என்பதை ஏறக்குறைய 270 அடிகளுக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்கள். 29 படைப்பிரிவுகள், கூட்டிப் பார்த்தால் 1,186 கப்பல்கள். பொறியியல் மாணவன் என்பதால் கூட்டிப் பார்த்தேன். அதைத் தவிர அந்தப் பக்கங்களோடு செய்வதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை.

நான் வாங்கியது பழைய புத்தகம். முன்பு வைத்திருந்தவர் ஓரங்களில் பென்சிலால் குறிப்பு எழுதியிருக்கிறார். முதல் காண்டத்தில் நெருக்கமாக, இரண்டாம் காண்டத் தொடக்கத்தில் கொஞ்சம், கப்பல் பட்டியலின் நடுவில் 'குதிரை எப்போது வரும்?' என்று ஒரு வரி. அதோடு பென்சில் நின்றுவிட்டது. முகம் தெரியாத அந்த மனிதரோடு எனக்கு ஒரு நெருக்கம் ஏற்பட்டுவிட்டது.

செப்டம்பர் 19

இன்றைய எரிச்சல் அடைமொழிகள். கிரேக்கப் படையின் தலைசிறந்த வீரனான அக்கிலீஸ் எப்போதும் 'விரைந்த காலுடைய' அக்கிலீஸ். ஒன்பதாம் காண்டத்தில் போருக்குப் போக மறுத்துக் கூடாரத்தில் யாழ் மீட்டிக்கொண்டிருக்கிறான். தூது வந்தவர்களுக்கு உணவளித்து, எதிரே உட்கார்ந்து பதில் சொல்கிறான். அப்போதும் பதில் சொல்பவன் விரைந்த காலுடைய அக்கிலீஸ்தான். உட்கார்ந்திருப்பவனுக்குக் கால் விரைந்தால் என்ன, விரையாவிட்டால் என்ன என்று கேட்டேன்.

அதற்குப் பதிலாக மில்மன் பாரி என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றி ஒரு மணி நேரம் கிடைத்தது. 1902இல் பிறந்து 1935இலேயே இறந்துவிட்டவர். இந்த அடைமொழிகள் அந்தந்த இடத்தின் பொருளுக்காக வருபவை அல்ல, அடியில் மிஞ்சியிருக்கும் இடத்தின் அளவுக்காக வருபவை என்று காட்டியவர் அவர். பெயர் எந்த வேற்றுமையில், அடியின் எந்தப் பகுதியில் வருகிறது என்பதைப் பொறுத்து அளவெடுத்துத் தைத்த தொடர்கள் பாடகனிடம் தயாராக இருந்தன. எழுதிவைக்காமல், மேடையிலேயே அடிகளைக் கட்டிக்கொண்டு போக அவை உதவின. இதைச் சோதித்துப் பார்க்க 1930களில் யூகோஸ்லாவியாவுக்குப் போய், எழுதப் படிக்கத் தெரியாமலே ஆயிரக்கணக்கான அடிகளைப் பாடும் பாடகர்களை ஒலித்தட்டில் பதிவு செய்திருக்கிறார்.

இந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. அளவுக்கேற்ற உதிரிபாகங்களை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வது எங்கள் துறை வழக்கம்.

செப்டம்பர் 20

மேலே மூன்று பேர் 'இதெல்லாம் சங்கப் பாட்டில் இல்லாததா' என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த ஒப்பீட்டை முறையாகச் செய்தவர் ஒருவர் இருக்கிறார். இலங்கையின் க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்து, தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றி எழுதிய நூல் 1968இல் ஆக்ஸ்போர்டில் வெளியானது. பாரியின் கருத்தைப் புறநானூறு போன்றவற்றுக்குப் பொருத்திப் பார்த்தார். பின்னால் வந்தவர்கள் சிலர் அதை மறுத்தும் எழுதினார்கள். ஆர்வமுள்ளவர்கள் அங்கே போகலாம். யாருடையது பழையது, யாருடையது உயர்ந்தது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்கு நாளை மறுநாள் வெப்ப இயக்கவியல் தேர்வு.

செப்டம்பர் 26

என் கேள்வியின் மேல் முதல் அடி இன்று விழுந்தது.

ஆறாம் காண்டத்தில் டிராய் இளவரசன் ஹெக்டர் போர்க்களத்திலிருந்து சிறிது நேரத்துக்கு நகருக்குள் வருகிறான். மனைவி ஆந்த்ரோமகே குழந்தையோடு கோட்டை வாயிலருகே எதிர்ப்படுகிறாள். போகாதே என்கிறாள். அவன் போகத்தான் வேண்டும் என்கிறான். குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். தலைக்கவசத்தின் உச்சியில் அசையும் குதிரைமயிர்க் கொண்டையைப் பார்த்துக் குழந்தை வீறிட்டுத் தாதியின் மார்பில் முகம் புதைத்துக்கொள்கிறது. தாயும் தந்தையும் சிரித்துவிடுகிறார்கள். கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி முத்தமிடுகிறான். பிறகு அவளைப் பார்த்து, வீட்டுக்குப் போய் உன் தறியைப் பார் என்கிறான்.

இது நன்றாக இருக்கிறது என்பது வேறு. பேராசிரியர் இன்று ஆறாம் காண்டத்திலிருந்து நேராக இருபத்திரண்டாம் காண்டத்துக்குத் தாவினார். ஹெக்டர் இறந்துவிட்டான். அவனைக் கொன்ற அக்கிலீஸ் உடலைத் தேரில் கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறான். மதிலின் மேல் நின்ற தாயும் தந்தையும் அதைப் பார்த்துக் கதறுகிறார்கள். ஆந்த்ரோமகேவுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அவள் வீட்டின் உள்ளறையில், அவன் சொன்னபடியே, தறியில் பூவேலை நெய்துகொண்டிருக்கிறாள். போரிலிருந்து வருபவன் குளிக்க வேண்டுமே என்று, பெரிய முக்காலிப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி வெந்நீர் வைக்கும்படி பணிப்பெண்களிடம் சொல்கிறாள். அப்போதுதான் மதில் பக்கமிருந்து அழுகுரல் கேட்கிறது. கையிலிருந்த நாடா நழுவித் தரையில் விழுகிறது.

அந்த வெந்நீரைப் பற்றி வகுப்பில் யாரும் ஒன்றும் பேசவில்லை. ஹெக்டர் சாவான் என்பது எனக்குச் செப்டம்பர் 6ஆம் தேதியே தெரியும். தெரிந்திருந்ததால்தான் அந்த வெந்நீர் என்னைத் தாக்கியது. தெரியாதவனுக்கு அது வெறும் வெந்நீர்.

செப்டம்பர் 27, அதிகாலை

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் செய்யாற்றுக்கு அருகில். கோடையில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. என் ஆயா ஒரு கூத்தையும் தவறவிட்டதில்லை. கர்ண மோட்சம் என்றால் மாலையிலேயே பாயைக் கொண்டுபோய்ப் போட்டு இடம் பிடித்துவிடுவாள். கர்ணன் போருக்குப் புறப்படுமுன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வரும் இடத்தில் ஒவ்வோர் ஆண்டும் அழுவாள். பன்னிரண்டு வயதில் ஒருமுறை, "அவன் சாகப்போவது உனக்குத்தான் தெரியுமே ஆயா, போன வருடமும் செத்தானே" என்று கேட்டிருக்கிறேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சும்மா இரு என்று என் தொடையில் ஒன்று வைத்தாள்.

செப்டம்பர் 6ஆம் தேதி நான் இங்கே கேட்டது அதே கேள்விதான் என்பது இப்போதுதான் உறைக்கிறது. இங்கே யாரும் தொடையில் வைக்கவில்லை என்பதால் பன்னிரண்டு நாள் நீண்டுவிட்டது.

காலையில் படித்தேன்: பன்னிரண்டு அல்ல, இருபத்தொரு நாள். தூக்கக் கலக்கத்தில் எண்ணியது.

அக்டோபர் 3

இலியட் முடிந்தது. குதிரை வரவில்லை.

உண்மையிலேயே வரவில்லை. டிராய் விழுவதும் இல்லை, அக்கிலீஸ் குதிகாலில் அம்பு பட்டுச் சாவதும் இல்லை. பத்தாண்டுப் போரின் கடைசி ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நடந்தவற்றைச் சொல்லிவிட்டு நூல் முடிந்துவிடுகிறது. ஹெக்டரின் தந்தையான கிழவர் பிரியாம் இரவில் பகைவன் அக்கிலீஸின் கூடாரத்துக்குள் போய், தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளையே முத்தமிட்டு உடலைக் கேட்கிறார். இருவரும் அழுகிறார்கள், அவர் மகனுக்காக, அவன் தன் தந்தைக்காகவும் போரில் இறந்த நண்பனுக்காகவும். பிறகு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கடைசி அடி ஹெக்டரின் இறுதிச் சடங்கு.

ஆகவே, முதல் குறிப்பில் 'முடிவு தெரிந்த கதை' என்று நான் அளந்தது தவறு. இந்த நூலின் முடிவு எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை. எனக்குத் தெரிந்தது போரின் முடிவு. போன வாரம் 'தெரிந்திருந்ததால்தான் தாக்கியது' என்று எழுதியதையும் இந்த வாரம் 'தெரிந்திருக்கவே இல்லை' என்று எழுதுவதையும் ஒன்றாக வைத்துப் படிப்பவர்கள் சிரிக்கலாம். இரண்டும் உண்மை, என்ன செய்வது.

பழைய புத்தகக்காரருக்கு: குதிரை வராது. நீங்கள் நிறுத்திய இடத்தில் நிறுத்தியது ஒரு வகையில் சரிதான்.

அக்டோபர் 10

குதிரை வந்துவிட்டது. ஒடிசியஸ் வீடு திரும்பும் கதையான ஒடிசியின் எட்டாம் காண்டத்தில், அதுவும் ஒரு பாட்டுக்குள் பாட்டாக.

தெப்பம் உடைந்து தனியனாகக் கரை ஒதுங்கிய ஒடிசியஸ், தான் யாரென்று சொல்லாமல் ஓர் அரசனின் விருந்தில் உட்கார்ந்திருக்கிறான். அங்கே தெமொதொகோஸ் என்ற கண் தெரியாத பாடகன். அவன் டிராய்ப் போரில் நடந்த ஒரு சச்சரவைப் பாடியபோதே ஒடிசியஸ் செந்நீல மேலாடையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு அழுதுவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். மாலை விருந்தில் அவனே பாடகனிடம், மரக்குதிரையைப் பாடு என்று கேட்கிறான். அந்தச் சூழ்ச்சியைச் செய்தவன், அந்தக் குதிரையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தவன், அந்தக் கதையை உலகத்தில் யாரையும்விட நன்றாக அறிந்தவன் கேட்கிறான். பாடகன் பாடுகிறான். அவன் மறுபடி அழுகிறான்.

எப்படி அழுதான் என்பதற்கு ஓர் உவமை. தன் ஊருக்கு முன்னால் போரிட்டு விழுந்த கணவனின் மேல் விழுந்து ஒரு பெண் கதறுகிறாள். பின்னாலிருந்து பகைவர்கள் ஈட்டியால் அவள் முதுகிலும் தோளிலும் குத்தி அடிமையாக இழுத்துப் போகிறார்கள். அந்தப் பெண்ணைப் போல அழுதான். இது யார்? ஆந்த்ரோமகேதானே என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பேராசிரியர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த நகரத்தை அழித்தவன் அந்த நகரத்துப் பெண்ணைப் போல அழுகிறான் என்பதை ஹோமர் உவமைக்குள் வைத்துவிட்டு ஒரு விளக்கமும் தராமல் போய்விடுகிறார்.

என் கேள்விக்கான பதிலை ஏறக்குறைய இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார் என்பது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 11

இதனால் பொறியியலுக்கு என்ன பயன் என்று கேட்டவருக்கு: ஒன்றும் இல்லை. பாரியின் உதிரிபாகம் பற்றி நான் எழுதியது வேடிக்கைக்கு.

அக்டோபர் 29

சாஃபோ. இங்கே என் கேள்வியைக் கேட்கவே வழியில்லை, ஏனென்றால் முடிவு யாருக்கும் தெரியாது.

லெஸ்பாஸ் தீவுப் பெண் கவிஞர்; கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பின்பகுதியில் பிறந்தவர். அலெக்சாந்திரியாவின் அறிஞர்கள் அவர் பாட்டுகளை ஒன்பது சுருள்களாகத் தொகுத்து வைத்திருந்தார்கள். முழுதாக எஞ்சியது ஒரே ஒரு பாட்டு. மற்றவை துண்டுகள். சில, இலக்கணக்காரரும் உரைகாரரும் எடுத்துக்காட்டாக எழுதி வைத்ததால் தப்பியவை. முத்தொள்ளாயிரம் புறத்திரட்டில் ஒண்டிக்கொண்டு நூற்றுச் சொச்சம் பாட்டாக நமக்கு வந்து சேர்ந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வேறு சில, எகிப்தின் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பை மேடுகளில் 1896–97 குளிர்காலத்தில் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கிலேயர்கள் தோண்டத் தொடங்கிய பிறகு பப்பைரஸ் என்ற நாணல் தாளின் கிழிசல்களாக வெளிவந்தவை. சகோதரர்களைப் பற்றிய ஒரு பாட்டு 2014இல்தான் அச்சேறியது. அந்தப் பப்பைரஸ் எங்கிருந்து யார் கைக்கு வந்தது என்பது இன்றும் சர்ச்சையில் இருக்கிறது.

பக்கத்தைப் பார்த்தால் சொற்களைவிடச் சதுர அடைப்புக்குறிகள் அதிகம். கிழிந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பக் கூடாது என்பது வகுப்பின் விதி. மொழிபெயர்ப்பாளர்கள் நிரப்பியதையும் பேராசிரியர் தாளில் அடித்துவிட்டே கொடுத்தார். ஆறு பக்கத் தாளை ஒன்றரை மணி நேரம் படித்தோம், பெரும்பாலும் மௌனம். நான் இந்த வகுப்பில் முதன்முறையாகக் கடிகாரத்தைப் பார்க்காத நாள் இது.

ஒரு மூன்றடித் துண்டை மட்டும் சொல்லிவிடுகிறேன். இனிய ஆப்பிள் ஒன்று உயர்ந்த கிளையில், கிளையின் உச்சியிலும் உச்சியில் சிவந்து நிற்கிறது. பழம் பறிப்பவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அடுத்த அடி: இல்லை, மறக்கவில்லை, அவர்களுக்கு எட்டவில்லை. சொன்னதை அழிக்காமல், அதன் மேலேயே திருத்தத்தையும் எழுதிவிடுகிறார். கூவிளம் தொடங்கி இங்கே நான் செய்துகொண்டிருப்பதற்கு இவ்வளவு பெரிய இடத்து முன்னோடி இருப்பதைத் தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி.

நவம்பர் 7

சோஃபக்ளீஸ் எழுதிய ஈடிபஸ் நாடகம். செப்டம்பர் 6ஆம் தேதிப் பட்டியலில் முதலில் நான் எழுதிய பெயர்.

1,500 அடிக்குச் சற்று மேல். ஓர் அமர்வில் சத்தமாகப் படித்தோம். எனக்கு மேய்ப்பன் பாத்திரம் கிடைத்தது. உண்மை தெரிந்தும் வாய் திறக்க மறுக்கும் கிழவன். கையை முறுக்கச் சொல்லி மிரட்டிய பிறகே பேசுவான். பேச்சு குறைவு என்பதால் கேட்டு வாங்கினேன். படிக்கும்போது கை நடுங்கியது எதிர்பாராதது.

நாடகம் முழுக்க 'தெரியும்' என்ற சொல்லின் மேல் கட்டப்பட்டிருக்கிறது. ஈடிபஸ் என்ற பெயருக்கு வீங்கிய கால் என்பது பொருள். ஆனால் 'ஒய்தா' என்றால் கிரேக்கத்தில் 'நான் அறிவேன்'. அதுவும் பெயரின் தொடக்கத்தில் ஒலிக்கிறது. ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்ததைப் பெருமையாகச் சொல்லும்போது அவனே தன்னை 'ஒன்றும் அறியாத ஈடிபஸ்' என்று கேலியாகக் குறிப்பிட்டுக்கொள்கிறான். முந்தைய அரசன் லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று சபதம் செய்யும் இடத்தில், 'என் சொந்தத் தந்தைக்காகப் போராடுவது போலப் போராடுவேன்' என்கிறான். முடிவு தெரியாதவனுக்கு அது ஒரு நல்ல அரசனின் வாக்குறுதி. தெரிந்தவனுக்கு வயிற்றைப் பிசையும். கேட்பவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பியே சோஃபக்ளீஸ் அந்த அடியை எழுதியிருக்கிறார். பார்வையாளர் எல்லோருக்கும் கதை முன்பே தெரியும் என்று பேராசிரியரும் சொன்னார்.

இந்த நாடகத்துக்கு ஏதென்ஸ் நாடகப் போட்டியில் முதல் பரிசு கிடைக்கவில்லை, இரண்டாவதுதான் என்பது வழிவழியாக வரும் செய்தி. பொறியியல் கண்காட்சி நடுவர்களைப் பற்றி எனக்கிருந்த மனக்குறை கொஞ்சம் தணிந்தது.

நவம்பர் 8

எல்லோருக்கும் முன்பே தெரியும் என்று நேற்று எழுதினேன் அல்லவா. நூலகத்தில் தேடியதில் அதற்கு இரண்டு பழைய சாட்சிகள் கிடைத்தன. ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

முதல் சாட்சி அன்டிஃபனீஸ், கி.மு. நான்காம் நூற்றாண்டின் நகைச்சுவை நாடகக்காரர். அவர் பொருமுகிறார்: துயர நாடகம் எழுதுபவனுக்கு என்ன கவலை, 'ஈடிபஸ்' என்று பெயரைச் சொன்னால் போதும், அப்பன் யார், அம்மா யார், பிள்ளைகள் எத்தனை, என்ன பட்டான் எல்லாம் பார்ப்பவனுக்குத் தெரியும், எங்களுக்கோ எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது, அவர்கள் சரக்குத் தீர்ந்துபோனால் மேடையின் தூக்குப்பொறியை விரலைத் தூக்குவதுபோலத் தூக்கி ஒரு தெய்வத்தை இறக்கிவிடுகிறார்கள். இரண்டாம் சாட்சி அரிஸ்டாட்டில், அதே நூற்றாண்டு. மரபுக்கதைகளையே பற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தெரிந்த கதைகள் என்று சொல்லப்படுபவையே சிலருக்குத்தான் தெரியும், ஆனாலும் அவை எல்லோருக்கும் இன்பம் தருகின்றன என்கிறார் அவர்.

நகைச்சுவைக்காரர் தன் தரப்புக்குச் சலுகை கேட்டு மிகைப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் அரிஸ்டாட்டிலுக்கும் தன் வாதத்தை நிறுவ வேண்டிய தேவை இருக்கிறது. எங்கள் ஊர்க் கூத்தை வைத்து நான் இரண்டையும் நம்புவேன். ஆயாவுக்கு எல்லாம் தெரியும். இன்னும் சிறு வயதில் பக்கத்துப் பாயில் உட்கார்ந்து ஒவ்வோர் இடத்திலும் 'அடுத்து என்ன' என்று அவளைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தெரியாது. இருவரும் விடியும் வரை இருந்தோம்.

நவம்பர் 14

இன்னொரு திருத்தம், எத்தனையாவது என்று எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். 'தெரிந்த கதை' என்பதே ஒரு கதை அல்ல. ஒடிசியின் பதினோராம் காண்டத்திலும் ஈடிபஸ் வருகிறான். அங்கே தாயின் பெயர் எபிகாஸ்தே, அவள் தூக்கிட்டுக்கொள்கிறாள், அவனோ துயரங்களோடு தீப்ஸ் நகரத்திலேயே தொடர்ந்து ஆள்கிறான். சோஃபக்ளீஸின் நாடகத்தில் வருவதுபோலக் கண்ணைக் குத்திக்கொண்டதாகப் பேச்சே இல்லை. இன்னொரு கதையின் நாயகியான மெடியாவின் பிள்ளைகளைக் கொரிந்த் நகரத்தார் கொன்றதாக ஒரு வழக்கும் இருந்தது. தாயே கொல்லும் வடிவத்தை நாம் அறிந்தது கி.மு. 431இல் அரங்கேறிய யூரிப்பிடீஸின் நாடகத்தால். அதற்கு மூன்றாம் பரிசு. எனவே அரங்கில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கதை தெரியும், இந்த முறை எந்தக் கதை என்பது தெரியாது. வால்மீகியையும் கம்பனையும் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

டிசம்பர் 12

தேர்வு முடிந்தது. முதல் குறிப்பை நீக்கிவிடும்படி ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார், நீக்கப் போவதில்லை. அடுத்த பருவத்தில் கிரேக்க மொழியே கற்கப்போகிறாயா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எனக்குத் திரவ இயக்கவியல் ஆய்வகம்.

வினாத்தாளில் ஒரு கேள்வி: 'மரக்குதிரையைப் பாடும்படி ஒடிசியஸ் தானே ஏன் கேட்கிறான்?' நாற்பது நிமிடம் எழுதினேன். தன் புகழைப் பிறர் வாயால் கேட்கும் ஆசை, பாடகன் உண்மையைப் பாடுகிறானா என்ற சோதனை, தன் பெயரை வெளியிட ஒரு வழி என்று வகுப்பில் பேசியதையெல்லாம் எழுதிவிட்டு, ஆந்த்ரோமகேவின் வெந்நீரையும் எப்படியோ உள்ளே நுழைத்துவிட்டு வெளியே வந்தேன். பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் ஒன்றை விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது.

அந்தப் பாட்டைக் கேட்பதற்கு முன்னால் ஒடிசியஸ் தன் முன்னால் இருந்த பன்றி முதுகிறைச்சியில் கொழுப்பு நிறைந்த ஒரு துண்டை வெட்டி, கட்டியக்காரனை அழைத்து, இதைப் பாடகனிடம் கொண்டுபோய்க் கொடு என்கிறான். கொடுத்து முடித்து, எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறான். முதல் பாட்டுக்கே அழுதவன், இது இன்னும் மோசமாக இருக்கும் என்று தெரிந்தே முன்கூலி அனுப்புகிறான்.

கர்ணன் பொன்னுருவியிடம் வருவதற்குச் சற்று முன்னால் ஆயா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பத்து ரூபாயை எடுத்து, கட்டியக்காரனிடம் கொடுத்துவிட்டு வா என்று என்னை அனுப்புவாள். அவன் அதைக் கர்ண வேடக்காரரின் மார்பில் குத்தி, ஆயாவின் பெயரைச் சொல்லி வாழ்த்துப் பாடுவான். நான் திரும்பி வந்து பாயில் உட்காரும்போது, முடிச்சு அவிழ்ந்து கசங்கிய அந்த முந்தானை நுனியை அவள் கையில் தயாராகப் பிடித்திருப்பாள்.